வேலிக்கு அப்பால் மூன்று வரிசை

செல்லத்தங்கத்தின் கத்தரிக்கு மட்டும் ஏன் நோய் வரவில்லை? அந்த வருஷம் பதியுதீனுக்கு வந்த சந்தேகங்களில் முதலாவது இதுதான்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் பதியுதீனின் மாளிகைக்காடு, அந்தப் பக்கம் செல்லத்தங்கத்தின் காரைதீவு. மண் ஒரே மணல். தண்ணீரும் ஒரே துரவுத் தண்ணீர்தான். வேலியின் கிழக்கு மூலையில் மணலைத் தோண்டி, இரண்டு பக்கத்தாரும் இறங்கிக் குடத்தில் மொள்ளுவதற்குப் படி வைத்திருந்தார்கள். நாற்றுக்கூட ஒரே ஆளிடம் வாங்கியது. அப்படியிருக்க, அவன் பக்கத்து இலைகளில் முதலில் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. பிறகு மஞ்சளாயின. பிறகு கறள் பிடித்த தகரம்போல் சிவந்து உதிர்ந்தன. இலையைப் புரட்டினால் அடியில் மெல்லிய வலை. வேலிக்கு அப்பால் பார்த்தால் கத்தரி பச்சைப் பசேலென்று நின்றது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு முன்னால் அந்த இடம் முழுக்கத் தென்னை. பதியுதீன் அப்போது கொப்பறா வேலை செய்தான். தேங்காய் உரிப்பது, உடைப்பது, காயவைத்துக் கல்முனைக்கு அனுப்புவது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். சூறாவளி அத்தனை மரத்தையும் சாய்த்துப் போட்டது. காணி அவன் மனைவி சுபைறாவின் சீதனம். சீதனமாக வந்த தோப்பை வெறுந்தரையாக வைத்திருக்கிறான் என்று பெண்வீட்டார் பேசத் தொடங்குவதற்கு முன்னால் எதையாவது நட்டுவிட வேண்டும் என்று கத்தரி வைத்தான். நிழல் போய் வெயில் விழுந்த மணலில் அது நன்றாகவே காய்த்தது. மூன்றாம் வருஷம், சித்திரையில் கச்சான் காற்று சூடாக வீசத் தொடங்கியதும் இந்தச் சிவப்பு வந்தது.

கல்முனை பசாரில் மருந்துக் கடை வைத்திருந்த மக்கீன், பதியுதீனோடு சிறுவயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதியவன். இலையைக் கையில் வாங்கிப் பார்த்தான். "பேன் விழுந்திருக்கு. இத அடி, எல்லாம் செத்துப்போகும்" என்று ஒரு போத்தலைத் தந்தான்.

பதியுதீன் அடித்தான். சில நாள் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு முன்னையைவிட மோசமாகச் சிவந்தது. மக்கீன் இன்னும் கடுமையான ஒரு போத்தலை எடுத்தான். அதையும் அடித்தான். மருந்தடிக்கிற மெசினின் பட்டி உரசி உரசி அவன் தோளில் புண் வந்தது. கத்தரியோ குச்சி குச்சியாக நின்றது.

ஒருநாள் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தபோது, செல்லத்தங்கம் முள்ளுக்கம்பிக்கு ஊடாகக் கையை விட்டு அவனுடைய செடியிலிருந்து இலை முறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருஷன் பெயர் குணம். அவனுக்குக் கரும்பாலையில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். தோட்டத்தையும் ஒரு பசுவையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்றீங்க?"

அவள் திடுக்கிடவில்லை. வயதில் இளையவனானாலும் முஸ்லிம் ஆளை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள். "உங்கட செடி கம்பிக்கால இங்கால சாயுது காக்கா. சிவத்த இலைய முறிக்கிறன். எங்கட பக்கம் ஏறிப்போகும்."

முறித்த இலைகளை அவள் கீழே போடவில்லை. பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். பதியுதீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சூனியம் செய்கிறவர்கள் ஒருவனுடைய தலைமயிரை எடுப்பார்கள், உடுத்த துணியை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். இலையை எடுப்பார்களா?

"எரிக்கத்தான் கொண்டுபோறா" என்றாள் சுபைறா. "துரவடியில எனக்கிட்டச் சொன்னா."

"நீ துரவடியில அவளோட என்ன கதைக்கிறாய்?"

"தண்ணி அள்ளுற எடத்துல வாயக் கட்டிட்டா நிக்கிற? உங்களுக்கு வஸ்வாசு புடிச்சிருக்கு. நாளைக்கு என்னையும் சந்தேகப்படுவீங்க."

நாளை வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்தே மனைவி துரவடிக்குப் போனால் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கவனித்தான்.

அந்தப் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக இருந்தவர் அழகரெத்தினம். காரைதீவுக்காரர், குணத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு காலை அவருடைய சைக்கிள் செல்லத்தங்கத்தின் படலையில் சாய்ந்து நின்றது. அவர் இலையைப் புரட்டிச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு அவர் சுற்றிக்கொண்டு பதியுதீனின் பக்கம் வந்தார்.

"இது செஞ்சிலந்தி. சிலந்தி எண்டு சொன்னாலும் உண்ணி வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு. இந்தாங்க, பாருங்க."

பதியுதீன் கண்ணாடியை வாங்கவில்லை. "என்ன மருந்து சேர்?"

"மருந்து வேணாம். மருந்தை நிப்பாட்டிப் பாருங்க."

"நிப்பாட்டுறதா?"

"அந்தப் பக்கமும் இதே உண்ணி இருக்கு. ஆனா அதைத் திங்கிற கறுத்த வண்டு ஒண்டும் இருக்கு. ஊசித்தலை அளவுதான் வரும். அதுக்குச் சாப்பாடே இந்தச் சிலந்திதான். நீங்க அடிக்கிற மருந்துக்கு முதல்ல சாகிறது அந்த வண்டு. சிலந்தி கொஞ்சம் சாகும், முட்டை தப்பிரும். பிறகு தட்டிக்கேட்க ஆளில்லாமப் பெருகும்."

"போன வருஷம் வேற பூச்சிக்கு மருந்தடிக்கச் சொன்னதும் நீங்கதானே?"

அழகரெத்தினம் கொஞ்சம் தயங்கினார். "ஓம். நான்தான் சொன்னன். இது பிறகு ஒரு வகுப்பில சொல்லித் தந்தது. இந்த மணல்ல சரிவருமா எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியா. ஆனா அங்கால பாத்தா சரிதான் போல கிடக்கு."

தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னதுதான் பதியுதீனின் சந்தேகத்தை உறுதியாக்கியது. தெரியாத ஆள் ஏன் புத்தி சொல்ல வர வேண்டும்? அன்று பின்னேரமே அவன் மக்கீனிடம் போனான். மக்கீன் கதையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நிப்பாட்டச் சொன்னது ஆரு? காரைதீவான். பக்கத்துத் தோட்டம் ஆருட? அவன்ட சொந்தக்காரிட. உன்ட கத்தரி செத்தா கல்முனைச் சந்தையில ஆருட கத்தரி விலை போகும்? நான் ஒண்டும் சொல்லல்ல. நீயே யோசி."

பதியுதீன் வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தான்.

மறுகிழமை அவன் தன் பாத்தியில் ஒரு விசித்திரத்தைக் கண்டான். குச்சியாக நின்ற செடிகளின் கவட்டில் பச்சைக் கத்தரி இலைகள் செருகியிருந்தன. தோட்டத்தில் பல இடங்களில், ஒரு கை வைத்ததுபோல. அவனுடைய தோட்டத்தில் அவ்வளவு பச்சையான இலையே கிடையாது. ஒன்றை எடுத்துப் புரட்டினான். அடியில் சிவப்புப் பொடி, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் நெளிகிற சின்னப் புழுக்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுபைறாவின் முன்னால் போட்டான்.

"இது என்ன?"

அவள் முகம் மாறியது. "நான்தான் வெச்ச. செல்லத்தங்கம் அக்கா முறிச்சுத் தந்தா. அந்தப் புழுதான் கறுத்த வண்டுட குஞ்சாம். நல்ல பூச்சியாம். சேர் சொன்னார்."

"பூச்சியில நல்லதென்ன கெட்டதென்ன? நோய் புடிச்ச இலையக் கொண்டாந்து நம்மட காணிக்குள்ள வெச்சிருக்காய். என்னக் கேட்டியா?"

"கேட்டா விடுவீங்களா?"

அவன் தோட்டத்துக்குப் போய் இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தான். மெசினை மாட்டித் தோட்டம் முழுக்க மறுபடி மருந்தடித்தான். சுபைறா வாசலில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், கதைக்கமாட்டாள்.

சந்தேகம் வந்தவனுக்குக் காற்றும் சாட்சி சொல்லும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, செல்லத்தங்கத்தின் தோட்டம் தெற்கே இருக்கிறது. அங்கேயும் உண்ணி இருக்கு என்று அழகரெத்தினமே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அங்கிருந்துதான் காற்றில் ஏறி வருகிறது, இங்கே எவ்வளவு அடித்தும் தீராததற்கு அதுதான் காரணம். அவள் மருந்தடிப்பதில்லை. ஏன் அடிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "வரம்புப் புல்லைத்தானே பசுவுக்கு அறுக்கிறன், அதில விஷத்தை அடிக்கிறதா?" என்று சொல்லியிருந்தாள். அதுவும் ஒரு சாட்டாகத்தான் அவனுக்குப் பட்டது.

காரைதீவு அம்மன் கோயிலில் குளிர்த்தித் திருவிழா நடந்த நாளில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. பறைச் சத்தம் தூரத்தில் கேட்டது. மத்தியானம் கழிந்து அசறுத் தொழுகைக்கு முந்திய நேரம், காற்று விழுந்திருந்தது. பதியுதீன் மெசினைத் தோளில் மாட்டி வேலியோரமாக நடந்தான். கையைக் கம்பிக்கு மேலே நீட்டி, குழாயை உயர்த்தி, வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அடித்துக்கொண்டு போனான். மருந்து மூன்று வரிசைக்குப் போய் விழுந்தது. அதற்கு மேல் எட்டவில்லை. எட்டின மட்டும் போதும் என்று நினைத்தான். களவெடுக்கவில்லையே, நோயைத்தானே தடுக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் விடியவே தோட்டத்துக்கு ஓடினான். பயந்தபடியே செல்லத்தங்கம் அரிவாளும் கையுமாக அந்த மூன்று வரிசைகளுக்கு நடுவில் புல்லறுக்கக் குனிந்துகொண்டிருந்தாள். அவனுக்குப் பசுவின் முகம் ஞாபகம் வந்தது.

"அக்கா! அதுக்குள்ள போகாதீங்க. பெரிய பாம்பொண்டு கண்டன் இப்ப."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். குனிந்து ஒரு இலையை முகர்ந்தாள்.

"பாம்பு இருக்கோ இல்லியோ, இதில ஆரோ மருந்து அடிச்சிருக்கு" என்றாள்.

அவள் அவனைக் கேட்கவில்லை. அவளுடைய சந்தேகம் வேறு ஆளின் மேல் இருந்தது. குணத்தின் தம்பி செல்லத்தம்பி பக்கத்தில் மிளகாய் போட்டிருந்தான், அவனிடமும் மெசின் இருந்தது. செல்லத்தங்கத்தின் தோட்டத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். குளிர்த்தியன்று அவனை மட்டும் கோயிலில் அவள் காணவில்லை.

அடுத்த முறை குணம் வீட்டுக்கு வந்தபோது அண்ணனும் தம்பியும் சந்தியில் வைத்துச் சண்டை பிடித்தார்கள். குணம் தம்பியின் கன்னத்தில் அறைந்தான். செல்லத்தம்பியின் மனைவி மண்ணள்ளித் தூற்றினாள். இனி அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று அவன் ஊரறியச் சொல்லிவிட்டுப் போனான். இதெல்லாம் சந்தையில் பதியுதீனின் காதுக்கும் வந்தது.

பிறகு அந்த மூன்று வரிசையும் சிவக்கத் தொடங்கின.

முதலில் புள்ளி, பிறகு மஞ்சள், பிறகு கறள். வேலியிலிருந்து மூன்றாவது வரிசை வரைக்கும். நாலாவது வரிசையிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு இலைகூட நிறம் மாறவில்லை. கோடு கிழித்ததுபோல இருந்தது. பதியுதீன் தினமும் வந்து பார்த்தான். முதலில், அவள் வேண்டுமென்றே நோயைக் கொண்டுவந்து வேலியோரத்தில் விட்டிருக்கிறாள் என்று நினைக்கப் பார்த்தான். தன் கத்தரியைத் தானே கெடுப்பாளா? காற்று கொண்டுவந்தது என்று நினைக்கப் பார்த்தான். காற்று மூன்று வரிசையோடு நிற்குமா? யாரைச் சந்தேகித்தாலும் அந்தக் கோட்டுக்குப் பொருத்தமாக ஆள் கிடைக்கவில்லை. அவன் கை எட்டின இடத்தில் சிவப்பு. எட்டாத இடத்தில் பச்சை.

சுபைறாவும் அதைப் பார்த்தாள். துரவடியிலிருந்து குடத்தோடு வந்தவள் வேலியருகில் நின்று, கண்ணால் அளந்து, பிறகு புருஷனைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்று வாய் திறந்தாள்.

"நீங்கதானே?"

"என்ன?"

"செல்லத்தம்பி ஏன் நம்மட வேலியோரமா வந்து அடிக்கணும்? அவன்ட மிளகாய் அந்தக் கரையிலதானே இருக்கு?"

"எனக்குத் தெரியா" என்றான் பதியுதீன். அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்பது குடத்தை இறக்கி வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

அந்தக் கிழமை அழகரெத்தினம் வந்தார். மூன்று வரிசையையும் பார்த்தார், நாலாவதையும் பார்த்தார். பிறகு வேலியருகில் நின்ற பதியுதீனைக் கூப்பிட்டுக் கம்பிக்கு மேலாக ஒரு இலையையும் கண்ணாடியையும் நீட்டினார். இந்த முறை அவன் வாங்கினான்.

மூன்றாம் வரிசை இலை அது. அடியில் சிவப்பும் மஞ்சளுமாகக் கணக்கில்லாத உருண்டைகள் ஊர்ந்தன, வலையில் ஏறின, இறங்கின. கண்ணாடி மணிபோல் முட்டைகள். அடுத்து நாலாம் வரிசை இலையைத் தந்தார். அங்கேயும் உண்ணிகள் இருந்தன, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அவற்றின் நடுவே கரிய மினுக்கமான வண்டு ஒன்று அவசரமில்லாமல் நடந்து போய், ஒரு உண்ணியின் மேல் குனிந்து நின்றது. அது விலகியபோது அங்கே வெறும் தோல் கிடந்தது.

"இந்த மூணு வரிசையில வண்டு ஒண்டுகூட இல்ல" என்றார் அழகரெத்தினம். "மருந்து பட்டிருக்கு. ஆர் அடிச்சதெண்டு நான் கேட்கல்ல. ஆனா ஒரு குடும்பம் ரெண்டாப் போச்சு."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடி பதியுதீனின் கையிலேயே இருந்தது.

அவன் அதன் பிறகு வீட்டுக்குப் போகவில்லை. துரவின் படியில் உட்கார்ந்திருந்தான். செல்லத்தங்கம் தண்ணீருக்கு வந்தபோது எழுந்து நின்றான்.

"அக்கா, மருந்தடிச்சது செல்லத்தம்பி இல்ல. நான்."

அவள் குடத்தை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப அந்தப் பாம்பு?"

"பாம்பில்ல. பசு அந்தப் புல்லைத் திண்டுரும் எண்டு பயந்துதான் சொன்ன."

"பசுவுக்குப் பயந்த உங்களுக்கு மனிசருக்குப் பயமில்ல." அவள் குரல் உயர்ந்தது. "என்ர மச்சினன நான் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன் காக்கா. இவர் கையை நீட்டிப்போட்டார். இப்ப வந்து நான்தான் எண்டு சொல்றீங்க. எனக்கிட்டச் சொல்லி என்ன? அவனுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவன் போனான். கால் பின்னுக்கு இழுத்தது, ஆனாலும் போனான். காரைதீவில் செல்லத்தம்பியின் வாசலில் நின்று, அவனுடைய மனைவியும் அயலவர்களும் கேட்க, நடந்ததைச் சொன்னான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழவில்லை. செல்லத்தம்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணி அனுப்பினவா?"

"ஓம். சொல்லச் சொன்னா."

"அதானே பாத்தன். சண்டை புடிச்சது தன்ர பிழை எண்டு இப்ப தெரிஞ்சுபோச்சு. மன்னிப்புக் கேட்க வெக்கம். அதுக்குச் சோனகரில ஒரு ஆளைப் புடிச்சுப் பொய் சொல்ல அனுப்பியிருக்கா. நீங்க ஏன் காக்கா இந்த வேலைக்கு வந்தீங்க? உங்களுக்கு என்ன தாறன் எண்டவா?"

அத்தனை நாளும் பொய்யைக் காப்பாற்றப் பதியுதீன் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது உண்மையைச் சொல்கிறான், ஒருத்தரும் நம்புகிறார்களில்லை. வல்லாஹி என்று சத்தியம் செய்தான். செல்லத்தம்பி சிரித்தான்.

"அப்ப என்னோட வாங்க" என்றான் பதியுதீன். "வந்து கண்ணால பாருங்க. பாத்திட்டுப் பிறகு பொய் எண்டு சொல்லுங்க."

வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். சனிக்கிழமையாதலால் குணமும் தோட்டத்தில் நின்றான். தம்பியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதியுதீன் மெசினைக் கழுவினான், மணல் போட்டுத் தேய்த்து மறுபடி கழுவினான், துரவில் இறங்கி வெறும் தண்ணீர் நிரப்பினான். செல்லத்தம்பி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தபிறகுதான் அதை மாட்டவிட்டான்.

காற்று விழும்வரை எல்லாரும் காத்து நின்றார்கள். விழுந்ததும் பதியுதீன் வேலியோரம் நின்று, கையைக் கம்பிக்கு மேலே நீட்டி, அன்று செய்தது போலவே குழாயை உயர்த்தி அடித்துக்கொண்டு நடந்தான். தண்ணீர் வெயிலில் புகைபோல் எழும்பி விழுந்தது. மணல் நனைந்தது. முதலாவது வரிசை, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவிலிருந்த மணலில் ஈரம் கறுப்புக் கோடாக நின்றது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவந்த செடி, அந்தப் பக்கம் பச்சைச் செடி. முனைக்குப் போய்ச் சேர்ந்தவன் திரும்பிப் பார்த்தான்.

செல்லத்தம்பி வேலிக்குள் வந்து ஈரக் கோட்டின் மேலேயே நடந்தான். குனிந்து தொட்டுப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: "இப்ப சொல்லு. என்ர மிளகாய்க் கரையில இருந்து என்ர கை இவ்வளவு தூரம் நீளுமா?"

குணத்துக்குக் கண் கலங்கியிருந்தது. செல்லத்தங்கம்தான் முன்னால் வந்து, "தம்பி, என்னில பிழைதான்" என்றாள். செல்லத்தம்பி அவளைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

சுபைறா ஒரு தட்டில் பிளேன்டீக் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். எல்லாரும் எடுத்தார்கள். செல்லத்தம்பி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பதியுதீன் குடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் வாயில் வைத்தான்.

பிறகு செல்லத்தங்கம் வேலிக்கு வந்து ஒரு விஷயம் மட்டும் சொன்னாள். இனி அந்த வேலியைத் தாண்டி மருந்து வாசம் வந்தால் குணம் பொலிசுக்குப் போவான். பதியுதீன் ஒப்புக்கொண்டான். வண்டின் மேல் நம்பிக்கை வந்துதான் ஒப்புக்கொண்டான் என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லை. மோசமான செடிகளைப் பிடுங்கி எரித்தான். மிஞ்சியவற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். வரம்புப் புல்லை வளரவிட்டான். செல்லத்தங்கம் நாலாம் வரிசையிலிருந்து இலை முறித்துத் தர, சுபைறா அதை ஒவ்வொரு செடியிலும் செருகினாள். இந்த முறை களவாக அல்ல. அவன் கண் முன்னால்.

அந்த நாட்கள் அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தன. இலை சிவக்கச் சிவக்கக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது மருந்தடிப்பதைவிடக் கஷ்டம். அழகரெத்தினத்தின் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு காலை மாலை இலையைப் புரட்டினான். வண்டு வந்ததா, வந்தது நின்றதா, நின்றது தின்றதா என்று ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்த்தான். ஒருநாள் ஒரு செடியில் ஒன்று. அடுத்த கிழமை பக்கத்துச் செடியில் சாம்பல் புழு. பிறகு ஒரு காலை, நுனிக்குருத்தில் விரிந்த இலையொன்றைப் புரட்டிப் பார்த்தான். அடியில் வலை இல்லை. அடுத்த குருத்திலும் இல்லை. கீழிலைகள் சிவப்பாகத்தான் இருந்தன, ஆனால் சிவப்பு மேலே ஏறவில்லை. சுபைறாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பார்த்தாள்.

"வாய்விட்டுச் சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

"என்னத்த?"

"நான் சொன்னது சரி எண்டு."

"ஓம், சரிதான்" என்றான் அவன்.

மக்கீன் ஒருநாள் பசாரில் மறித்தான். "ஏன் கடைப்பக்கமே காணல்ல? வேற கடையில வாங்கிறியா?"

"ஒரு கடையிலயும் வாங்கல்ல. மருந்தடிக்கிறல்ல இப்ப."

"எனக்கிட்ட ஏன் ஒளிக்கிறாய்?" என்றான் மக்கீன். எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை.

அந்தப் போகத்தில் பதியுதீனுக்குப் பாதிக் காய்தான் கிடைத்தது. செல்லத்தங்கத்தின் மூன்று வரிசையும் தாமதமாகத் துளிர்த்தன. குணமும் தம்பியும் கதைக்கத் தொடங்கினார்கள், ஆனால் பங்குப் பேச்சு தீரவில்லை. பதியுதீன் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனால் செல்லத்தங்கம் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். வாளியா, மண்வெட்டியா என்று பார்த்துவிட்டுத்தான் குனிவாள். முதலில் அது அவனைக் குத்தியது. பிறகு, கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடக்கப் பழகிக்கொண்டான்.

மாரிக்கு முன்னால் ஒரு காலை, சில செடிகளின் நுனிக்குருத்து வாடித் தொங்குவதைக் கண்டான். ஒன்றை ஒடித்துப் பிளந்தான். தண்டுக்குள் இளஞ்சிவப்புப் புழு. இது வேறு வியாதி. அவன் கண் தன்னையறியாமல் மெசின் தொங்கிய கொட்டிலின் பக்கம் போனது. பிறகு ஒடித்த குருத்தோடு வேலிக்குப் போனான்.

"அக்கா, உங்கட பக்கம் இப்படி இருக்கா?"

செல்லத்தங்கம் வந்து அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். தன் பக்கத்துச் செடியொன்றின் வாடிய குருத்தை ஒடித்துக் காட்டினாள்.

"இருக்கு. உங்கட பக்கமிருந்துதான் வந்திருக்கும்" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாளா, உண்மையாகத்தான் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவன் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக, வெயில் ஏறும்வரை வாடின குருத்துகளை ஒடித்து ஒடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.